அப்பா பார்த்துக்கொண்ட கார்

கலஹா ரோட்டில் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு என் காரை நன்றாகத் தெரியும். ஓடிப் பார்த்ததைவிட நின்று பார்த்ததுதான் அதிகம். பேராதனையிலிருந்து எங்கள் ஊருக்கு ஏறும் அந்த ரோட்டில் வளைவுக்குக் குறைவில்லை. அதில் நாலைந்து வளைவுகளில் அந்த வெள்ளைக் கார் பொனட்டைத் திறந்துகொண்டு, ஆவி விட்டபடி நின்றிருக்கிறது. பக்கத்தில் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்பேன். அப்பா கல்லொன்றில் உட்கார்ந்து, மடியில் மஞ்சள் தண்ணீர்க் கேனை வைத்துக்கொண்டு, எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருப்பார்.

பஸ் வேகத்தைக் குறைக்கும். ஜன்னலெல்லாம் தலையாக இருக்கும். எல்லாம் தெரிந்த முகங்கள்.

"என்னக்கா, இன்னைக்கும் சூடா?"

"இல்ல, இட்லி அவிக்கிறேன். எறங்கி வாங்க, ரெண்டு தர்றேன்" என்பேன்.

வாய் அப்படித்தான் பேசும். உள்ளே மானம் கப்பலேறிக்கொண்டிருக்கும். கார் வாங்கிய நாளில் இதே பஸ்ஸைத் தாண்டி நான் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனவள். அதையும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் காரை நான் எனக்காக வாங்கவில்லை. கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை எனக்கு. இருபது வருடம் பஸ்ஸில்தான் போய் வந்தேன், இன்னும் இருபது வருடம் போயிருப்பேன். வாங்கியது அப்பாவுக்காக. அவர் தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர். கொழுந்து ஏற்றிய லொறியை முப்பது வருடம் அந்த மலையில் ஏற்றி இறக்கியவர். தொரையின் காரைக்கூட எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறார். ஆனால் ஒரு வண்டியிலும் அவர் சொந்தக்காரராக உட்கார்ந்ததில்லை. பென்ஷன் வயது வந்து சாவியைக் கொடுத்த நாளில், தோட்டத்து ஒபிஸிலிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு மூன்று மைல் தூரம் நடந்தே வந்தார். அன்றைக்கே நான் மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன், இந்த மனுசனை ஒருநாள் சொந்த வண்டியில் முன் சீட்டில் உட்கார வைப்பேன் என்று.

முடிச்சை அவிழ்க்கப் பதினொரு வருடம் ஆனது. அதற்குள் அம்மா போய்விட்டார். நாங்கள் டவுனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டி இறங்கியிருந்தோம். அப்பாவின் கண்ணில் பிரஷர் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. லைசன்ஸைப் புதுப்பிக்க முடியவில்லை. ஆகவே டிரைவரின் மகளான நான் கண்டியில் டிரைவிங் ஸ்கூலுக்குக் காசு கட்டிப் பழகினேன்.

லீசிங் தவணையில் எடுத்த பழைய ஜப்பான் கார் அது. கோயிலில் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா முன் கதவைத் திறந்தார். உட்காருவதற்கு முன் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார்.

"அப்பா, செருப்போட ஏறுங்க. நம்ம வண்டிதான்."

"தெரியுதும்மா" என்றார். ஆனாலும் செருப்பைக் கையில்தான் எடுத்துக்கொண்டார். கலஹா டவுனைச் சுற்றி ஒரு ரவுண்டு போனோம். கடைக்காரர்களைப் பார்த்துக் கை தூக்கிக்கொண்டே வந்தார். பாதிப் பேர் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க மாட்டார்கள். இருந்தும் தூக்கினார்.

ஓட்டுவது நான், பார்த்துக்கொள்வது அவர் என்று ஆகிவிட்டது. யாரும் பேசி முடிவு செய்யவில்லை, தானாக அப்படி அமைந்தது. விடிய நாலரைக்கு எழும்பிவிடுவார். வீட்டுக்கு மேலே, மலையிலிருந்து குழாயில் இறங்கும் பீலியில் மஞ்சள் கேனை நிரப்பிக்கொண்டு வருவார். அந்தத் தண்ணீரின் குளிர் கேனைத் தொட்டாலே கையில் ஏறும். காரைத் துடைப்பார், டயரைத் தட்டிப் பார்ப்பார், பொனட்டைத் திறந்து எதையோ செய்வார். நான் பல் விளக்கிக்கொண்டே ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேட்பேன்.

"தண்ணி பாத்தாச்சாப்பா?"

"எல்லாம் பாத்தாச்சு. நீ கெளம்பு."

கண் தெரியாமல் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு, நாளைக்கு எழும்புவதற்கென்று இருந்த ஒரே வேலை அதுதான். அது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் காரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதையெல்லாம் பட்டேன்.

முதல் வருடம் ஒன்றுமில்லை. இரண்டாம் வருடம் தொடங்கியது. முதலில் தெர்மோஸ்டாட். அடுத்தது வாட்டர் பம்ப். பிறகு ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது. அதை மாற்றி நாலு மாதம் ஆகவில்லை, புதுப் பம்பும் ஒழுகியது. வெளிநாட்டு வாகனமும் பார்ட்ஸும் வருவது நின்று, இருந்ததற்கெல்லாம் யானை விலை சொன்ன காலம் அது. புதிது கிடைக்காது, கிடைத்தாலும் நம் கைக்கு எட்டாது. கழற்றி வந்த பழையதைத் துடைத்துத் துணியில் சுற்றித் தருவார்கள். அதற்கே என் சம்பளத்தில் பாதி போய்விடும். மீதியை லீசிங்காரன் எடுத்துக்கொள்வான்.

எங்கள் அலுவலகத்தில் கார் வைத்திருந்தவர்கள் ஐந்து பேர். பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பேச்சு இதுதான். ஒருவருக்குக் கியர், ஒருவருக்கு பெட்டரி. பிள்ளைகளுக்கு வந்த காய்ச்சல் வருத்தத்தைச் சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொள்வோம். கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். கராஜ்காரன் நல்லதைக் கழற்றிக்கொண்டு கெட்டதைப் பூட்டிவிடுகிறான். யாருமே கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் யாருக்கும் சந்தேகமும் இல்லை. நகப் பூச்சால் பார்ட்ஸில் அடையாளம் வைத்துவிட்டுத்தான் வண்டியைக் கராஜில் விட வேண்டும் என்று ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தார். நானும் போய்ச் சிவப்பில் ஒரு போத்தல் வாங்கினேன். என் புத்தி அவ்வளவுதான்.

என் காரைத் திருத்திக்கொடுத்தவர் பேராதனைப் பக்கம் கராஜ் வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். மாற்றுகிற ஒவ்வொரு பார்ட்ஸையும், இதுதான் உங்கள் பழையது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெட்டியில் போட்டுக் கையில் தந்துவிடுவார். அவற்றையெல்லாம் ஒரு உரப் பையில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தேன். அப்பாவை அவருக்குப் பிடிக்கும். நாங்கள் போனால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "ஐயா, இருங்க" என்பார். அப்பா எஞ்சின் சத்தத்தைக் கேட்டே இன்ன கோளாறு என்பார். நானா திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். பெரும்பாலும் அப்பா சொன்னதே சரியாக இருக்கும்.

ஹெட் கேஸ்கட் போனது மூன்றாம் வருடம். அதற்கு மேல் எஞ்சினில் போவதற்கு இனி எஞ்சின்தான் பாக்கி. பிரித்துப் போட்டிருந்த இரும்புகளுக்கு நடுவில் நின்று, நானா விரலைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, உள்ளுக்கு எல்லாம் துரு பிடிச்சு ஈக்கி. இது இப்பிடி வரக்கூடாது. வேற எங்கயும் குடுத்து தண்ணி மாத்தினீங்களா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நான் எதுக்கு வேற எடத்துல குடுக்கணும்? மூணு வருஷமா உங்க கையிலதானே இருக்கு?" என்றேன். மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. என் வாயைப் பார்த்தால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வரும்போது அப்பாவிடம் சொன்னேன், "இதான் கடைசி. இன்னொரு தடவ இது நின்னுச்சு, வித்துருவேன்."

"விக்காதம்மா."

"பின்ன என்னங்கப்பா செய்றது? நான் சம்பாதிக்கிறது பூரா இது குடிச்சுக்கிட்டு இருக்கு."

"நான் இன்னும் கொஞ்சம் கவனமா பாத்துக்கிறேன். விக்காத" என்றார்.

அவர் குரலில் இருந்த பயம் எனக்கு நன்றாகக் கேட்டது. கார் போனால் காலையில் எழும்ப அவருக்கு ஒன்றும் இருக்காது. சரி, நிற்காமல் இருக்கட்டும் கடவுளே என்று நேர்ந்துகொண்டேன். மறுநாளிலிருந்து அவர் இன்னும் சீக்கிரமாக எழும்பினார்.

மூன்று வாரம். ஒரு புதன்கிழமை காலை, அலுவலகத்துக்குப் போகும்போது கண்டி டவுனுக்குள்ளேயே சூட்டு முள் மேலே ஏறிவிட்டது. வாகன நெரிசல், பின்னால் ஹோர்ன் சத்தம். பக்கத்தில் இருந்த ஒரு கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த பையன் ஆறவிட்டு மூடியைத் திறந்தான், விரலை விட்டுப் பார்த்தான்.

"மிஸ், இதுக்கு யாரு கூலன்ட் போட்டது?"

"மூணு கிழமைக்கு முன்னாடிதான் போட்டாங்க. பில் இருக்கு."

"அப்படி ஒன்னும் இதுல இல்ல. வெறும் தண்ணி. இப்படி ஊத்தினா எத்தன பம்ப் மாத்தினாலும் நிக்காது. உள்ளுக்குள்ள எல்லாத்தையும் துரு தின்னுரும்."

கூலன்ட் என்றால் பச்சையாக இருக்கும், ரேடியேட்டருக்கு ஊற்றுவது, எஞ்சினைச் சூடேறாமலும் துருப்பிடிக்காமலும் காப்பது என்று எனக்கு அன்றைக்குத்தான் அந்தப் பையன் விளக்கிச் சொன்னான். நான் பில்லைத்தான் பார்ப்பேன். மூன்று வருடத்தில் ஐந்து தடவை அதற்குக் காசு கட்டியிருந்தேன். அன்றைக்குத் தண்ணீரையே நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். நகப் பூச்சு வைக்கச் சொல்லிக்கொடுத்த அக்கா சொன்னது சரிதான், இந்த நானா வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு, எஞ்சினையும் கெடுத்து, கெடுத்ததைத் திருத்தவும் காசு வாங்கியிருக்கிறான் என்று நினைத்தேன். அதற்கப்புறம் வேறெதையும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை அப்பாவையும் ஏற்றிக்கொண்டு நேரே நானாவின் கராஜுக்குப் போனேன். என்ன விசயம் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. அங்கே ஐந்தாறு பேர் இருந்தார்கள். இரண்டு திரீவீலர்காரர்கள், வேன் கொண்டுவந்த ஒருவர், வேலைக்காரர்கள். நல்லது, எல்லோரும் கேட்கட்டும் என்றே இறங்கினேன்.

"நானா, கூலன்ட்டுன்னு பில் எழுதிட்டு வெறும் தண்ணியவா ஊத்துறீங்க? ஒரு பொம்பள, வயசான மனுசனோட வர்றா, இவளுக்கு என்னா தெரியப் போவுதுன்னுதானே? ஏமாத்திப் பொழைக்கிற காசு ஒங்களுக்கு ஒட்டுமா?"

இன்னும் பேசினேன். கள்ளன் என்ற சொல்லையும் சொன்னேன். என் நாக்கில் சனி அன்றைக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

நானாவின் முகம் இறுகிவிட்டது. "வல்லாஹி, சத்தியமா நான் ஒங்கட கண்ணுக்கு முன்னுக்கு கூலன்ட் கேனை ஒடச்சித்தான் ஊத்தின தங்கச்சி" என்றார். பொனட்டைத் திறந்தார். மூடியைத் திருகி, விரலை விட்டு எடுத்து, தேய்த்து, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு தலையைத் தூக்கினார். முன் சீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அப்பா ஒரு காலை வெளியே வைத்திருந்தார். அவர் காலடியில் மஞ்சள் கேன் இருந்தது. நானா கேனைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார்.

நான் இதையெல்லாம் பார்த்தேன். பார்த்தது அப்படியே ஞாபகம் இருக்கிறது. என்ன பார்க்கிறேன் என்றுதான் தெரியவில்லை.

நானா மூடியைப் பூட்டினார். குரலை இறக்கிச் சொன்னார், "சரி தங்கச்சி. என்ட பிழைண்டே வெச்சிக்கோங்க. நான் கழுவிட்டு நல்லதா ஊத்தித் தாறன். காசி வாண்டாம்."

ஒப்புக்கொண்டான் பார் என்று எனக்கு இருந்தது. வேன்காரர் சத்தமில்லாமல் வேனை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கத்தை விட்டு இதையும் எழுதத்தான் வேண்டும்.

திரும்பி வரும்போது அப்பா கேனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கராஜ்காரனிடம் நான் சத்தம் போட்டது பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். கோயிலைத் தாண்டிய வளைவில் மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பச்சையா இருக்குமே, அது வெல கூடுனதாம்மா?"

"ரொம்ப வெலப்பா. அதுக்குத்தானே இவ்வளவு கத்துனேன்."

"ம்" என்றார்.

அடுத்த வாரம், நான் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வித்துரும்மா."

"எதப்பா?"

"கார. நம்ம கைக்கு அது ஒத்து வரல."

எனக்கு ஆச்சரியம். விற்காதே விற்காதே என்று மூன்று வருடமாக என் வாயை அடைத்தவர். ஒருவழியாக இவருக்கும் வெறுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு ஒரு பாரம் இறங்கியது. யாருக்காக வைத்திருந்தேனோ அவரே வேண்டாம் என்கிறார். பிறகு எனக்கு என்ன?

விலை படிய இரண்டரை மாதம் ஆனது. அந்த இரண்டரை மாதமும் கார் ஒரு முறைகூட நிற்கவில்லை. நானாவிடம் போவதை விட்டுவிட்டு கண்டிப் பையனின் கராஜுக்கு மாற்றியிருந்தேன், அதனால்தான் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் சொன்னேன். ஆனால் அப்பா காரின் பக்கமே போகவில்லை. நாலரைக்கு எழும்புவார், எழும்பிக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். முன் வாசலுக்கு வர மாட்டார். மழையில் சேறு பட்டு, அந்த வெள்ளைக் கார் பார்க்க முடியாமல் ஆகிவிட்டது. ஒரு நாள் நானே வாளியைத் தூக்கிக்கொண்டு கழுவினேன். வேலைக்கு நேரமாகிவிட்ட எரிச்சல். உள்ளே பார்த்துச் சொன்னேன்.

"விக்கிற வண்டின்னு ஆனதும் ஒங்களுக்கும் அக்கற போயிருச்சு, இல்லயாப்பா?"

"ஆமாம்மா" என்றார் குசினியிலிருந்து.

வத்தேகமையிலிருந்து ஒரு வாத்தியார் வந்து வாங்கினார். சாவியைக் கொடுக்கும்போது அப்பா வெளியே வரவில்லை. வாத்தியார் காரைத் திருப்பி ரோட்டில் இறக்கிய பிறகுதான் வந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து வேகமாக வந்து, கார் ஜன்னலில் கையை வைத்து எதையோ சொன்னார். வாத்தியார் தலையாட்டினார். நான் வாசலில் நின்றபடியே கேட்டேன், என்ன சொன்னீங்க என்று. "கவனமா போகச் சொன்னேன்" என்றார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் கண் கிளினிக்குக்குப் பஸ்ஸில்தான் போனோம். யாராவது எழும்பி இடம் கொடுப்பார்கள். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஏற்றத்தில் கியர் மாற்றும்போதெல்லாம் அவரும் இடது காலை லேசாக அழுத்துவார். ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒருநாள் விடிய நாலரை மணிக்கு அப்பா எழும்பவில்லை. நெஞ்சு என்றார்கள்.

செத்த வீட்டுக்கு நானா வந்திருந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பந்தலின் ஓரத்தில் தொப்பியோடு கொஞ்ச நேரம் நின்றார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அப்புறம் ஏழெட்டு மாதம் கழித்து, கண்டியில் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கார் நின்று, "மிஸ்" என்று குரல் கேட்டது. வாத்தியார். கார் பளபளவென்று இருந்தது.

"எப்படி சேர் ஓடுது?" என்றேன், வாய்க்காக.

"ஒரு கொறையும் இல்ல மிஸ். வாங்குனதுல இருந்து ஒயில் மாத்துனத தவிர ஒன்னும் செய்யல. மஹியங்கனைக்குக்கூட போய் வந்துட்டேன்."

முதலில் வந்தது கோபம்தான். என் சம்பளத்தையெல்லாம் தின்றுவிட்டு, யாரோ ஒருவருக்கு மட்டும் இப்படி ஓடுகிறதே என்று வயிறு எரிந்தது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒங்க அப்பாதான் அன்னைக்கு ஓடி வந்து சொன்னாரே. ரேடியேட்டருக்கு மட்டும் ஒருநாளும் தண்ணி ஊத்தாதீங்க, அந்தப் பச்சையா இருக்கிறது பாசி இல்ல, அத வெளிய விட்டுராதீங்கன்னு. எனக்கு வெளங்கல. பாசின்னு யாரு நெனைப்பாங்க? ஆனா வயசான மனுசன், அவ்வளவு தூரம் வந்து சொல்றாரேன்னு நான் அத தொட்டதே இல்ல. அப்பா சுகமா இருக்காரா?"

கலஹா பஸ்ஸில் ஏறியவள், பேராதனையில் இறங்கிவிட்டேன்.

கராஜில் நானா ஒரு திரீவீலருக்குக் கீழே படுத்திருந்தார். நான் நிற்பதைப் பார்த்து எழும்பி, கையைத் துடைத்து, அதே கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அப்பாதானே நானா? தண்ணி மாத்துனது?"

அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்.

"பழைய லொறி ஓட்டின ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் தங்கச்சி. கிழமைக்கொருக்கா பழைய தண்ணிய கீழால தொறந்து விட்டுட்டு, நல்ல தண்ணி ஊத்துவாங்க. அந்த லொறிகளுக்கு அது சரி. ஐயாட கண்ணுக்கு கூலன்ட் பாசி மாதிரி தெரிஞ்சீக்கி. ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்க எழும்ப முந்தி தொறந்து விட்டுட்டு, பீலித் தண்ணி ஊத்தியீக்கிறாரு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. நான் அந்தப் பேச்சு பேசினப்ப சொல்லியிருக்கலாமே."

"ஐயாட மொகத்த நான் பாத்தேனே. எப்பிடி செல்ற?"

நான் ஏசிய அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை, நான் வேலைக்குப் போன பிறகு, அப்பா தனியாகப் பஸ் ஏறி அங்கே வந்திருக்கிறார். பஸ் போர்டைப் படிக்க முடியாத மனிதர், ஆள் ஆளாய்க் கேட்டு வந்திருக்கிறார். இஸ்திரி போட்ட சேர்ட் போட்டிருந்தாராம். நானாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, என் மகள் பேசியதற்கு நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாராம். காசும் கொடுத்திருக்கிறார், நானா வாங்கவில்லை.

"நான் செல்லிப் பாத்தேன் தங்கச்சி. மகளுக்கு செல்லுங்க ஐயா, அவங்க ஏச மாட்டாங்கண்டு. அதுக்கு ஐயா சொன்னாரு, ஏச மாட்டா நானா, அது எனக்குத் தெரியும். ஆனா தொடாதீங்கப்பான்னு ஒரு வார்த்தை சொல்லுவா. அத அவ வாயால நான் கேட்டுறக் கூடாது. முப்பது வருஷம் வண்டி ஓட்டுன மனுசன் நான்ண்டு சொல்லி அழுதாரு."

திரீவீலர்காரர் ஒருவரும் வேலைக்காரர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று கேட்டவர்கள் இவர்களில் யார், யார் இல்லை என்று எனக்குத் தெரியாது. இருக்கிறவர்கள் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "நானா, அன்னைக்கு நான் ஒங்களக் கள்ளன்னு சொன்னேன். நீங்க இல்ல. என்னய மன்னிச்சுருங்க."

"அதெல்லாம் போன கத. இரிங்க, டீ ஒண்டு எடுக்கச் செல்றன்" என்றார்.

அப்போது உட்கார்ந்தேன். அப்பா உட்கார்ந்த கதிரையில்தான். டீ வந்தது. நானா தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்.

"போற நேரம் கேட்டாரு, நான் இனி தொடாம இருந்தா அது நல்லா ஓடுமா நானாண்டு. ஓடும் ஐயா, இன்னும் பத்து வருஷம் ஓடும், ஒண்டும் யோசிக்காதீங்கண்டு சென்னேன். அதுக்கு, வாசல்ல அது நின்னா என் கை சும்மா இருக்காது நானா, கண்ணும் தெரியல, எத ஊத்துறேன்னு எனக்கே தெரியாம போயிரும், அத விக்கச் சொல்லிர்றேன், விக்கிற வரைக்கும் நான் முன்னுக்கே போகலண்டு சொல்லிட்டுப் போனாரு."

டீயைக் குடிக்க முடியவில்லை. கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

விற்கிற வரைக்கும் முன்னுக்கே போகவில்லைதான். இரண்டரை மாதம், விடிய நாலரையிலிருந்து, குசினி இருட்டில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொடாதீங்கப்பா என்று நான் சொல்லிவிடுவேனோ என்றுதான் அவருக்குப் பயம். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்று, அக்கறை போயிருச்சு இல்லயாப்பா என்று கேட்டேன். அவர் உள்ளே இருந்தபடி, ஆமாம்மா என்றார்.